உறுப்பினருக்குத் தெரிய வேண்டும்: போரிஸ் சுவாரீனின் வாழ்க்கை



இந்த அரங்கில் இடதுசாரி இயக்கத்துக்கு வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். ஒரு காலத்தில் அதில் இருந்து, பின்னால் விலகி வந்தவர்களும் இருக்கிறீர்கள். இரு தரப்பாரும் கேட்க வேண்டிய ஒரு வாழ்க்கையைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன். அவர் பெயர் போரிஸ் சுவாரீன். பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். இருபத்தெட்டு வயதில், உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்திலிருந்து நீக்கப்பட்டவர். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள் சோவியத் ஆட்சியை ஆராய்ந்து எழுதியவர். கம்யூனிசத்தின் கடுமையான எதிர்ப்பாளர் என்று பெயரெடுத்து, 1984 நவம்பர் 1 அன்று பாரிசில் மறைந்தார்.

கட்சியை விட்டுப் போனவர்களைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டு கதைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. உள்ளே இருப்பவர்கள் சொல்வது துரோகக் கதை: விலைபோனான், பதவி கிடைக்காமல் போனான், எதிரியிடம் சரணடைந்தான். வெளியே இருப்பவர்கள் சொல்வது மனமாற்றக் கதை: மயக்கம் தெளிந்தது, கண் திறந்தது, நம் பக்கம் வந்தான். சுவாரீனைப் படிக்கப் படிக்க இந்த இரண்டும் அவருக்குப் பொருந்தவில்லை என்று எனக்குத் தெளிவாயிற்று. இருபத்தோரு வயதில் அவர் என்ன கேட்டாரோ, அதையேதான் எண்பது வயதிலும் கேட்டார். தலைவர்கள் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்பது சாதாரண உறுப்பினருக்குத் தெரிய வேண்டும். அதுவும் யாரோ சுருக்கிச் சொல்லித் தெரியக் கூடாது, ஆவணமாகவே அவர் கைக்கு வர வேண்டும். இந்தக் கோரிக்கைதான் அவரைக் கம்யூனிஸ்ட் ஆக்கியது. இதே கோரிக்கைதான் அவரைக் கம்யூனிச எதிர்ப்பாளராகவும் ஆக்கியது. இன்று நான் உங்கள் முன் நிறுவ விரும்புவது இதைத்தான்.

1895-ல் கீவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் போரிஸ் லிஃப்ஷிட்ஸ். கைக்குழந்தைப் பருவம் தாண்டுவதற்குள் குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. 1906-ல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. தந்தை நகைத் தொழிலாளி. மகனும் பதின்ம வயதிலேயே வேலைக்குப் போனார். பிற்காலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தேடிவந்து ஆலோசனை கேட்ட இந்த அறிஞர், கல்லூரியில் படித்தவர் அல்லர். தானாகப் படித்துத் தேறியவர்.

முதல் உலகப் போர் வந்தபோது அவர் ராணுவ உடையில் இருந்தார். 1915-ல் அவருடைய அண்ணன் போர்முனையில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுகளின் பிரான்சை நாம் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. தணிக்கை அதிகாரி வெட்டிய இடங்கள் வெள்ளையாக விடப்பட்டுப் பத்திரிகைகள் வெளிவந்தன. போர் வந்தால் தடுத்து நிறுத்துவோம் என்று மாநாட்டுக்கு மாநாடு தீர்மானம் போட்ட சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர்கள், போர் வந்ததும் அமைச்சரவையில் போய் அமர்ந்தார்கள். மகன்கள் எதற்காகச் சாகிறார்கள் என்று கேட்க வீட்டிலிருந்தவர்களுக்கு வழியில்லை. அண்ணனைப் பறிகொடுத்து, ராணுவத்திலிருந்து விடுபட்டு வந்த இளைஞர், போரை எதிர்த்த சோஷலிஸ்ட் சிறுபான்மையினரின் ஏடான 'லெ பொபுலேர்' இதழில் எழுதத் தொடங்கினார். சுவாரீன் என்ற புனைபெயரை எமில் ஸோலாவின் 'ஜெர்மினால்' நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார். சுரங்கத் தொழிலாளர்களோடு வாழும் ரஷ்யப் புரட்சிக்காரர் ஒருவரின் பெயர் அது.

1916-ல் அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சுவிட்சர்லாந்தில் தஞ்சமிருந்த ரஷ்யப் புரட்சியாளர்கள் பழைய சோஷலிஸ்ட் கட்சிகளை உடைத்துக்கொண்டு வெளியே வாருங்கள் என்று வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள். அவசரப்படாதீர்கள், கருத்து வேறுபட்டவர்களையெல்லாம் துரோகி என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது என்பது சுவாரீனின் வாதம். அதற்கு நீண்ட பகிரங்கப் பதில் எழுதியவர் லெனின். லெனினின் தொகுப்பு நூல்களில் 'போரிஸ் சுவாரீனுக்குப் பகிரங்கக் கடிதம்' என்ற தலைப்பில் அதை இன்றும் காணலாம். கடுமையாக மறுத்தாலும், ஒரு தோழரிடம் பேசும் மரியாதையோடு மறுத்த கடிதம் அது.

1917-ல் ரஷ்யாவில் புரட்சி வென்றது. சுவாரீன் அதை முழு மனதோடு வரவேற்றார். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம் என்பது ஒரு கட்சியின், ஒரு தலைவரின் சர்வாதிகாரமாகிவிடக் கூடாதே என்ற கவலையை அச்சில் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. பின்னால் அவர் சொன்னவை எல்லாம் கசப்பில் பிறந்தவை என்று சொல்பவர்களுக்கு நான் இந்தக் கட்டுரையைத்தான் சுட்டிக்காட்டுவேன். கசப்படைய எந்தக் காரணமும் இல்லாத நாளில், வெற்றியின் முதல் வாரங்களில், அவர் இதை எழுதினார்.

கவலை இருந்தாலும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. மூன்றாம் அகிலம் எனப்பட்ட கம்யூனிஸ்ட் அகிலத்துக்கு ஆதரவு திரட்டிய குழுவில் ஃபெர்னான் லோரியோ, பியர் மொனாத் ஆகியோரோடு முன்னணியில் நின்றார். 1920 மார்ச்சில் 'புல்தென் கொம்யூனிஸ்த்' என்ற இதழைத் தொடங்கினார். மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் பெருகியபோது, அரசுக்கு எதிரான சதி என்று குற்றஞ்சாட்டிப் பாரிசின் சாந்தே சிறையில் அவரை அடைத்தார்கள். பிரெஞ்சு சோஷலிஸ்ட் கட்சி மூன்றாம் அகிலத்தில் சேர வேண்டும் என்ற தீர்மானத்தின் வாசகத்தை உருவாக்கியதில் அந்தச் சிறையறைக்குப் பெரும் பங்குண்டு. 1920 டிசம்பரில் தூர் நகரில் கூடிய மாநாடு 3,208 ஆதரவு வாக்குகளோடு அதை நிறைவேற்றியது. எதிரணியின் முக்கியத் தீர்மானத்துக்குக் கிடைத்தவை 1,022. பின்னாளில் ஹோ சி மின் என்று உலகம் அறிந்த வியட்நாமிய இளைஞர் அந்த மாநாட்டுப் பிரதிநிதிகளில் ஒருவர். ஜான் ஜோரஸ் தொடங்கிய 'லுமானித்தே' நாளேடு புதிய கட்சியின் கைக்கு வந்தது. மேடையில் இருக்க வேண்டியவர்களில் ஒருவரான சுவாரீன் சிறையில் இருந்தார். மாநாடு அவரைக் கௌரவத் தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

1921-ல் நீதிமன்றம் விடுதலை செய்தது. நேரே மாஸ்கோ. அகிலத்தின் மூன்றாம் மாநாடு அவரைச் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுத்தது. தலைமைக்குழுவிலும் செயலகத்திலும் இடம் கிடைத்தது. இருபத்தைந்து வயதில் உலகப் புரட்சியின் தலைமையகத்தில் நாற்காலி! நம் நாட்டின் எம்.என். ராய் அதே ஆண்டுகளில் அதே அகிலத்தில்தான் இயங்கிக்கொண்டிருந்தார். அவரும் பின்னால், 1929-ல், நீக்கப்பட்டார் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

இனி வருவது இந்த வாழ்க்கையின் நடுப்பகுதி. இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

1923-ல் லெனின் படுத்த படுக்கையாகிவிட்டார். கட்சித் தலைமையில் ஜினோவியெவ், காமெனெவ், ஸ்டாலின் மூவரும் ஒரு பக்கம்; ட்ராட்ஸ்கி மறுபக்கம். கட்சிக்குள் அதிகாரவர்க்கம் வளர்கிறது, உறுப்பினர்களுக்குப் பேச்சுரிமை வேண்டும் என்று ட்ராட்ஸ்கி எழுதிய கட்டுரைகள் 'புதிய பாதை' என்ற தொகுப்பாயின. 1924 ஜனவரி 21 அன்று லெனின் இறந்தார். அகிலத்தின் தலைவராக இருந்த ஜினோவியெவ், உலகின் எல்லாக் கட்சிகளும் ட்ராட்ஸ்கியைக் கண்டித்துத் தீர்மானம் போட வேண்டும் என்றார். பாரிசிலும் கேட்டார்கள். பெரும்பாலான பிரெஞ்சு உறுப்பினர்களுக்கு ட்ராட்ஸ்கியின் அந்தக் கட்டுரைகளைப் படிக்க வாய்ப்பிருக்கவில்லை.

சுவாரீன் என்ன செய்தார் தெரியுமா? 'புதிய பாதை'யைப் பிரெஞ்சில் கொண்டுவந்து, ஒரு முன்னுரையும் சேர்த்து உறுப்பினர்களுக்குக் கிடைக்கச் செய்தார். படித்துவிட்டுக் கண்டியுங்கள் என்பது அவர் நிலைப்பாடு. கட்சியின் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் அந்த நூலை ட்ராட்ஸ்கி அணியின் பிரகடனமாகப் பார்த்தார்கள். சுவாரீனோ அதைத் தகவல் உரிமையாகப் பார்த்தார். 1924 மே மாதம் மாஸ்கோவில் நடந்த ரஷ்யக் கட்சியின் 13-ஆம் மாநாட்டில் எழுந்து நின்று, ட்ராட்ஸ்கி மீது சுமத்தப்படும் பழிகள் நியாயமற்றவை என்று பேசினார். அந்த அரங்கில் யாரும் கைதட்ட விரும்பாத பேச்சு. இதே மாநாட்டின்போதுதான், ஸ்டாலினைப் பொதுச் செயலாளர் பதவியிலிருந்து அகற்றுங்கள் என்று லெனின் எழுதிவைத்த குறிப்பு பிரதிநிதிகளுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அச்சிட வேண்டாம் என்றும் முடிவாயிற்று. ஜூலையில் சுவாரீன் அகிலத்திலிருந்து நீக்கப்பட்டார். குற்றம், கட்சிக் கட்டுப்பாட்டை மீறியது.

நண்பர்களே, அவர் செய்த குற்றத்தை எடைபோட்டுப் பாருங்கள். பணம் கையாடவில்லை. காட்டிக் கொடுக்கவில்லை. வேறு கட்சி தொடங்கவில்லை. ஒரு தோழரின் எழுத்தை மற்றத் தோழர்கள் படிக்கட்டும் என்று அச்சிட்டார். அவ்வளவுதான். ஆண்டு முடிவதற்குள் பியர் மொனாத்தும் அல்ஃப்ரெட் ரோஸ்மரும் பிரெஞ்சுக் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். போர்க் காலத்தில் உயிரைப் பணயம் வைத்துக் கட்சிக்கு அடித்தளமிட்டவர்கள், கட்சி பிறந்து நான்காண்டுகளில் வெளியே நின்றார்கள்.

பாரிஸ் திரும்பிய சுவாரீன் தன்னைக் கம்யூனிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டார். 'புல்தென் கொம்யூனிஸ்த்' இதழைச் சொந்த முயற்சியில் மீண்டும் நடத்தினார். 1926-ல் அவர் அமைத்த வட்டத்துக்கு 'மார்க்ஸ்–லெனின் கம்யூனிஸ்ட் வட்டம்' என்று பெயர். 1930-ல் அது 'ஜனநாயகக் கம்யூனிஸ்ட் வட்டம்' ஆயிற்று. ஒரே நாளில் அணி மாறிய மனிதர் அல்லர் அவர். ஒவ்வோர் ஆண்டும் சோவியத் நாட்டிலிருந்து வந்த தாள்களைப் படித்து, ஒவ்வோர் அடியாக நகர்ந்தவர். லெனினின் அந்த மறைக்கப்பட்ட குறிப்பு 1926-ல் எதிரணியினர் வழியாக அவர் கைக்கு வந்தபோது, அமெரிக்க எழுத்தாளர் மாக்ஸ் ஈஸ்ட்மன் மூலம் அது 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டில் வெளிவர வழிசெய்தார். ரஷ்யக் கட்சியின் சாதாரண உறுப்பினர்களுக்கு மறுக்கப்பட்ட ஆவணம் உலகத்தின் பார்வைக்கு வந்தது.

1929-ல் ருமேனிய எழுத்தாளர் பனைத் இஸ்ட்ராட்டி, சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்து மனம் உடைந்து திரும்பினார். 'மற்றொரு சுடரை நோக்கி' என்ற தலைப்பில் அவர் பெயரில் மூன்று பாகங்கள் வெளிவந்தன. முதல் பாகம் மட்டுமே இஸ்ட்ராட்டி எழுதியது. இரண்டாவதை விக்டர் செர்ஜும், மூன்றாவதைச் சுவாரீனும் எழுதினார்கள். மூன்றாம் பாகத்தின் பெயர் 'நிர்வாண ரஷ்யா'. கூலி எவ்வளவு, வீட்டு வசதி எப்படி, ரொட்டி என்ன விலை என்று சோவியத் பத்திரிகைகளே அச்சிட்ட தகவல்களால் கட்டிய நூல்.

அதே ஆண்டு நாடு கடத்தப்பட்டு துருக்கிக்கு வந்து சேர்ந்த ட்ராட்ஸ்கியோடும் முறிவு ஏற்பட்டது. ட்ராட்ஸ்கிக்காகத்தான் சுவாரீன் பதவி இழந்தார். ஆனாலும் சோவியத் ஒன்றியம் சீரழிந்தாலும் தொழிலாளர் அரசுதான் என்ற ட்ராட்ஸ்கியின் கருத்தை அவரால் ஏற்க முடியவில்லை. தொழிலாளிக்கு வேலைநிறுத்த உரிமையில்லை, சங்கம் அரசின் கையில், கட்சிக்குள் வாக்கெடுப்பு வெறும் சடங்கு. இதை எந்த அளவுகோலால் தொழிலாளர் அரசு என்பது? நீண்ட கடிதம் எழுதினார். ட்ராட்ஸ்கி அவரை அத்தோடு கைகழுவினார். இப்போது சுவாரீனுக்கு மாஸ்கோவும் இல்லை, மாஸ்கோவின் எதிரணியும் இல்லை.

தனித்து நின்ற அந்த ஆண்டுகளில்தான் அவர் அழகான ஒரு காரியம் செய்தார். 1931 முதல் 1934 வரை 'லா க்ரித்தீக் சோசியால்' என்ற இதழ். மொத்தம் பதினோரு இதழ்களே வந்தன. ஜார்ஜ் பத்தாய், ரேமோன் கெனோ, மிஷேல் லெரிஸ் எழுதினார்கள். சிமோன் வெய்ல் எழுதினார். பத்தாயின் சிந்தனைக்கு அடிப்படையாக அமைந்த 'செலவு என்னும் கருத்து' முதலில் அங்கேதான் அச்சானது. இதழுக்குப் பணம் கொடுத்தவர், சுவாரீனின் துணைவியாக இருந்த கொலெத் பெய்ன்யோ. தன் குடும்பச் சொத்தை இதற்குச் செலவிட்டார். பிறகு அவர் சுவாரீனைப் பிரிந்து பத்தாயிடம் போனார். 1938-ல் இளம் வயதிலேயே இறந்தார். அந்தக் காயம் சுவாரீனுக்குக் கடைசிவரை ஆறவில்லை. அரை நூற்றாண்டு கழித்து இதழின் மறுபதிப்புக்கு எழுதிய முன்னுரையில்கூடப் பத்தாயை அவர் மன்னிக்கவில்லை. சான்றுகளைத் தராசில் வைத்து நிறுத்தவர், இந்த ஒரு விஷயத்தில் கோபத்தை நிறுக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

சிமோன் வெய்லைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் கூலி வேலைக்குப் போய் உழைப்பின் துயரத்தை உடலால் அறிந்த தத்துவ ஆசிரியை அவர். சுவாரீனின் வட்டத்தோடு அவருக்கு நெருங்கிய உறவிருந்தது. சோவியத் நாட்டில் முதலாளி போன இடத்தில் நிர்வாகி வந்து உட்கார்ந்தார், தொழிலாளியின் நிலை மாறவில்லை என்ற சிந்தனையை அந்த வட்டத்தின் உரையாடல்கள் வளர்த்தன. கட்சியிலிருந்து துரத்தப்பட்ட சிலர் கூடிப் பேசிய சின்ன வட்டம், இருபதாம் நூற்றாண்டின் ஆழ்ந்த சிந்தனைகள் சிலவற்றுக்கு இடம் கொடுத்தது.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். 'ஸ்டாலின்: போல்ஷெவிசத்தின் ஒரு வரலாற்றுப் பார்வை', 1935. ஸ்டாலினைப் பற்றிய முதல் பெரிய விமரிசன வரலாறு. அதை எழுதும்போது சுவாரீனுக்கு மாஸ்கோ ஆவணக் காப்பகம் திறந்திருக்கவில்லை. ரகசியத் தகவலாளிகளை நம்பி அவர் எழுதவும் இல்லை. அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் 'ப்ராவ்தா', 'இஸ்வெஸ்தியா', மாநாட்டு நடவடிக்கைக் குறிப்புகள், அரசாணைகள், புள்ளிவிவர அறிக்கைகள். இவை சோவியத் அரசே வெளியிட்டவை. பாரிசில் யார் வேண்டுமானாலும் வாங்கிப் படித்திருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. 1932 ஆகஸ்ட் 7 அன்று ஓர் ஆணை வந்தது. கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை. தணிக்கக் காரணம் இருந்தால் பத்தாண்டுச் சிறை. அந்த ஆண்டு டிசம்பரில் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை வந்தது. கிராமத்து விவசாயிகளுக்கு அது பொதுவாகக் கிடைக்காது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தானியம் விளைவித்தவன் கதிர் பொறுக்கினால் சுடலாம். பசிக்குத் தப்பி நகரத்துக்கு ஓடவும் அவனுக்கு வழியில்லை. உக்ரேனிலும் குபானிலும் கசாக் நாட்டிலும் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்த ஆண்டுகள் அவை. பஞ்சம் இல்லை என்று அரசு மறுத்தது. வெளிநாட்டு விருந்தினர்கள் சிலர் அதை ஆமோதித்தார்கள். ஆனால் அரசின் சொந்த ஆணைகளே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன, படிக்கத் தெரிந்தவருக்கு.

பொதுச் செயலாளர் என்ற அலுவலகப் பதவி எப்படி அதிகாரமாக மாறியது என்பதையும் அந்த நூல் படிப்படியாகக் காட்டியது. மாவட்டச் செயலாளரை நியமிப்பவர் பொதுச் செயலாளர். மாநாட்டுப் பிரதிநிதிகளைத் திரட்டி அனுப்புபவர் மாவட்டச் செயலாளர். பொதுச் செயலாளரை உறுதி செய்வது அந்த மாநாடு. சங்கிலி முடிந்தது. இதற்கு அசாதாரணமான மேதைமை தேவையில்லை. பொறுமையும், கேள்வி கேட்பவர்களைத் தொலைதூரத்துக்கு மாற்றிவிடும் அதிகாரமும் போதும். எந்த அமைப்பிலும் இருந்தவர்களுக்கு இது புரியும்.

நூலை வெளியிட இடது சார்பு கொண்ட எழுத்தாளர்கள் நிறைந்த காலிமார் பதிப்பகம் முன்வரவில்லை. பழமைவாத மரபுள்ள ப்ளோன் பதிப்பகம் வெளியிட்டது. 1935-ன் சூழல் அப்படி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டாண்டுகள். அந்த மே மாதம் பிரான்சும் சோவியத் ஒன்றியமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்த ஆண்டு இடதுசாரிக் கூட்டணியான மக்கள் முன்னணி தேர்தலில் வெல்லப் போகிறது. பாசிசத்தைத் தடுக்கும் ஒரே அரண் மாஸ்கோ என்று நல்ல மனிதர்கள் மனதார நம்பினார்கள். அந்த நேரத்தில் இப்படி ஒரு புத்தகமா என்று முகம் சுளித்தார்கள். 1939-ல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? ட்ரினிடாடில் பிறந்த கறுப்பின மார்க்சியர் சி.எல்.ஆர். ஜேம்ஸ். வலதுசாரிகளின் ஆயுதம் என்று ஒதுக்கப்பட்ட நூலை, காலனி ஆதிக்கத்தை எதிர்த்த ஒரு புரட்சியாளரே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்.

அடுத்து வந்தவை மாஸ்கோ வழக்குகள். 1936 ஆகஸ்டில் ஜினோவியெவும் காமெனெவும் கூண்டில் நிறுத்தப்பட்டு, பொய்க் குற்றங்களை ஒப்புக்கொண்டு, சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுவாரீனை அகிலத்திலிருந்து நீக்கியவர் இதே ஜினோவியெவ்தான். பழி தீர்ந்தது என்று அவர் மகிழவில்லை. அந்த ஒப்புதல் வாக்குமூலங்கள் நம்பத் தகாதவை, அந்த வழக்குகள் பொய் வழக்குகள் என்று எழுதினார். 1938-ல் போல்ஷெவிக் தலைவர் புகாரினின் முறை வந்தது. புகாரினின் முடிவைத் தமிழ் வாசகர்களில் பலர் ஜெயமோகனின் 'பின் தொடரும் நிழலின் குரல்' நாவல் வழியாக அறிவீர்கள். சுவாரீனுக்கு அவர் நேரில் பழகிய மனிதர்; அகிலத்தில் கூட அமர்ந்தவர். பாரிசில் சந்தித்துப் பேசிய எழுத்தாளர் ஐசக் பாபெல் 1939-ல் கைதாகி 1940-ல் கொல்லப்பட்டார். பாபெல் தன்னிடம் மனம் விட்டுச் சொன்னவற்றைச் சுவாரீன் பல பத்தாண்டுகள் வெளியிடவில்லை. எதையும் அச்சிடத் துடித்த மனிதர், ஒருவரின் உயிருக்கு ஆபத்தான இடத்தில் வாயைப் பூட்டிக்கொள்ளவும் தெரிந்தவராக இருந்தார்.

அச்சுறுத்தல் பாரிசுக்கும் வந்தது. சமூக வரலாற்று ஆவணங்களைத் திரட்டும் நிறுவனம் ஒன்றின் பாரிஸ் கிளையில் அவர் செயலாளர். ட்ராட்ஸ்கியின் காகிதங்களில் ஒரு பகுதி அங்கே வைக்கப்பட்டிருந்தது. 1936 நவம்பர் 6-7 இரவில் சோவியத் உளவுத்துறையின் ஆட்கள் கதவை உடைத்து அவற்றைத் தூக்கிப் போனார்கள். 1940-ல் ஜெர்மானியர்கள் பாரிசைப் பிடித்தபோது அங்கிருந்த நூலகத்தைச் சூறையாடினார்கள். இரண்டு சர்வாதிகாரங்களுக்கும் ஒரே அலமாரிமீது கண் இருந்தது.

1939 மே மாதம் 'லெ ஃபிகாரோ' நாளேட்டில், ஹிட்லரும் ஸ்டாலினும் நெருங்கி வருகிறார்கள் என்று எழுதினார். அதை ஏற்றுக்கொண்டவர்கள் சிலரே. ஆகஸ்ட் 23 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இதுவும் சோதிடம் அல்ல. சோவியத் வெளியுறவு அமைச்சர் லித்வினோவ் மாற்றப்பட்ட செய்தி அந்த வாரம்தான் வெளிவந்திருந்தது. மற்றவர்கள் கடந்துபோன செய்தியை அவர் நின்று படித்தார்.

பிரான்ஸ் வீழ்ந்ததும் மார்சேய்க்கு ஓடினார். ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசு கைது செய்தது. விடுபட்டு 1941-ல் அமெரிக்கா சேர்ந்தார். 1947-ல் திரும்பி வந்தபோது பிரான்சில் கம்யூனிஸ்ட் கட்சியே மிகப் பெரிய கட்சி. முந்தைய ஆண்டுத் தேர்தலில் 28 சதவீதத்துக்கும் மேல் வாக்கு. நாஜி எதிர்ப்புப் போராட்டத்தில் அந்தக் கட்சியின் தொண்டர்கள் சிந்திய ரத்தம் உண்மையானது. ஸ்டாலின்கிராடு வெற்றி உண்மையானது. அந்த மதிப்பின் நிழலில் சோவியத் முகாம்களைப் பற்றிப் பேசுவதே குற்றமாயிற்று. நாடு தப்பி வந்து எழுதிய விக்டர் க்ராவ்சென்கோ, தன்னைப் பொய்யன் என்ற 'லே லெத்ர ஃப்ரான்சேஸ்' இதழ்மீது 1949-ல் அவதூறு வழக்குப் போட்டு வெல்ல வேண்டியிருந்தது.

இந்தக் காலத்தில் சுவாரீன் சேர்ந்த இடத்தைப் பற்றி நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜார்ஜ் அல்பெர்த்தினி என்பவர் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆக்கிரமிப்பாளர்களோடு ஒத்துழைத்த ஒரு கட்சியின் முக்கியப் பொறுப்பாளர். பிரான்சின் விடுதலைக்குப் பின் சிறை சென்றவர். முதலாளிகளின் பண ஆதரவோடு அவர் நடத்திய கம்யூனிச எதிர்ப்புச் செய்தி ஏட்டில் சுவாரீன் ஆண்டுக்கணக்கில் எழுதினார். எழுதியவரோ நாஜிகளிடமிருந்து உயிர் தப்ப ஓடிய யூதர், 1920-ல் தொழிலாளர் விடுதலைக்காகச் சிறை சென்றவர். இதை நியாயப்படுத்த நான் வரவில்லை. எழுதுகிற உண்மை உண்மையாகவே இருந்தாலும், யாருடைய மேடையில் நின்று எழுதுகிறோம் என்பதற்கு விலையுண்டு. அந்த விலையை அவர் பெயர் கொடுத்தது. அதே சமயம் ஒரு கேள்வியை இடதுசாரிகள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்: அவருக்கு எழுத இடம் கொடுத்திருக்க வேண்டிய எத்தனை கதவுகளை நாம் சாத்தினோம்?

1957 முதல் 1968 வரை 'லெ கொந்த்ரா சோசியால்' என்ற இதழை நடத்தினார். சமூக வரலாற்று நிறுவனத்தை மீண்டும் கட்டினார். 1956-ல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஸ்டாலினின் குற்றங்களை மூடிய அரங்கில் வாசித்தபோது, அதில் ஒரு பகுதி இருபதாண்டுகளுக்கு முன்பே சுவாரீனின் நூலில் இருந்தது. ரஷ்ய எழுத்தாளர் சொல்ஜெனிட்சின் சோவியத் முகாம்களைப் பற்றி எழுதிய 'குலாக் தீவுக்கூட்டம்' 1974-ல் பிரெஞ்சில் வந்து அறிவுலகையே உலுக்கியபோது, 1935-ல் சொன்ன மனிதர் அதே பாரிசில் அதே மேசையில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். அவருடைய 'ஸ்டாலின்' 1977-ல் மறுபதிப்பு கண்டது.

இப்போது இந்த வாழ்க்கையின் உச்சமாக நான் கருதும் நிகழ்ச்சி. சொல்ஜெனிட்சின் 'ஸூரிக்கில் லெனின்' என்ற நூலை எழுதினார். லெனின் ஜெர்மனியிடம் பணம் வாங்கிப் புரட்சி நடத்தினார் என்ற சித்திரம் அதில் இருந்தது. சுவாரீனுக்கு வயது எண்பதைத் தொட்டிருந்தது. பல பத்தாண்டுகளாகக் கம்யூனிச எதிர்ப்பாளர். லெனினின் அரசியல் நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியவர். சொல்ஜெனிட்சினின் வீரத்தைப் போற்றியவர். அப்படிப்பட்டவர் பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் எழுந்து மறுத்தார். இந்தக் குற்றச்சாட்டுக்குச் சான்று போதாது, இந்த ஆவணங்கள் நம்பத்தக்கவை அல்ல, லெனினை அவர் செய்தவற்றுக்காகக் குற்றஞ்சாட்டுங்கள், செய்யாதவற்றுக்காக வேண்டாம் என்பது அவர் வாதம். சொல்ஜெனிட்சின் பதில் எழுதினார், விவாதம் தொடர்ந்தது.

1924-ல் பெரும்பான்மையின் முன் நின்று ட்ராட்ஸ்கி மீதான பொய்ப்பழியை மறுத்தார். 1936-ல் தன்னை வெளியேற்றியவர்மீது போட்ட பொய்வழக்கை மறுத்தார். எழுபதுகளில் தன் எதிரியான லெனின்மீது தன் நண்பர்கள் சுமத்திய பழியை மறுத்தார். மூன்றும் ஒரே செயல். அணி மாறியது, அளவுகோல் மாறவில்லை.

அவரை எதிர்த்தவர்கள் எப்போதும் ஒரு வாதம் வைத்தார்கள். நீ சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இப்போது சொன்னால் எதிரிக்கு ஆயுதமாகும். இந்த வாதம் நமக்கும் பழக்கமானது. எந்தக் கட்சியின் கிளைக் கூட்டத்திலும் கேட்கலாம். இதை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. 1935-ல் ஹிட்லர் கற்பனை எதிரி அல்ல. ஆனால் கணக்கைப் பாருங்கள். மறைத்ததால் யார் பலம் பெற்றார்கள்? மறைத்த ஆண்டுகளில் புரட்சியை நடத்திய தலைமுறையே கொல்லப்பட்டது. கேள்வி கேட்ட கம்யூனிஸ்டுகளை முதலில் அழித்தது எதிரி அல்ல, அவர்களுடைய கட்சியேதான். கடைசியில் உண்மை வெளிவந்தபோது, சோவியத் நாட்டின் குற்றங்களோடு சேர்த்து சோஷலிசம் என்ற கனவையே குப்பையில் போட எதிரிக்கு வசதியாயிற்று. உள்ளே இருந்தவர்கள் உரிய நேரத்தில் சொல்லியிருந்தால், அந்த உண்மை நம்முடையதாக இருந்திருக்கும்.

சுவாரீனின் முடிவுகள் அனைத்தையும் நீங்கள் ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நானே ஏற்கவில்லை. சமத்துவத்துக்கான போராட்டத்தின் தேவை அவருடைய ஏமாற்றத்தோடு முடிந்துவிடவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தில் இருக்கும் எவரும், எந்த அமைப்பில் இருந்தாலும், அவரிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். ஒருவரைக் கண்டிக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொல்கிறார்களா? அவர் எழுதியதை முதலில் என் கையில் கொடுங்கள் என்று கேளுங்கள். கொடுக்க மறுத்தால் கையைத் தூக்காதீர்கள். எதிரியின்மீது பழி சொல்கிறார்களா? சான்று எங்கே என்று அப்போதும் கேளுங்கள். முதல் கேள்வியைக் கேட்பவருக்குக் கட்சியில் இடம் இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்கும் நேர்மை, கட்சியை விட்டு வெளியேறியவருக்கும் இருக்க வேண்டும். இரண்டையும் கேட்ட ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார் என்பது, அது முடியக்கூடியதுதான் என்பதற்குச் சான்று.